ஃபிளை ஃபிஷிங்: பாரம் எங்கே இருக்கிறது?

ஃபிளை ஃபிஷிங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒருவர், அவர் தலைக்கு மேல் வளைந்து வளைந்து போகும் நீளமான கயிறு, பின்னால் மலை. பார்க்க அழகுதான். ஆனால் அவர் ஏன் அப்படி வீசுகிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஈயைப் பிடித்து முள்ளில் கோத்து மீன் பிடிப்பது என்பார் ஒருவர். கையில் நிறையப் பணமும் அதைவிட நிறைய நேரமும் இருப்பவர்களின் பொழுதுபோக்கு என்பார் இன்னொருவர். இதில் இரையாகும் போலிப் பூச்சிகளான ஃபிளைகளைக் கையால் கட்ட நகை வேலை செய்கிறவரின் விரல்கள் வேண்டும் என்றும் ஒரு பேச்சு உண்டு.

எதுவும் சரியில்லை. இந்த முறையின் அடியில் இருப்பது ஒரே ஒரு எளிய விஷயம். அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லாத ஒருவர் இதை எப்படிச் செய்ய முடியும் என்பதும்தான்.

## சாதாரணத் தூண்டிலில் என்ன நடக்கிறது?

நம் குளக்கரைத் தூண்டிலை எடுத்துக்கொள்வோம். முள்ளில் மண்புழு, கொஞ்சம் மேலே ஈயக்குண்டு, அதற்கும் மேலே தக்கை. வீசும்போது உண்மையில் பறப்பது ஈயக்குண்டுதான். நைலான் நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ரீல் வைத்த விலை உயர்ந்த ராடிலும் கதை இதுவே: பாரம் முனையில் இருக்கும், நரம்பு சும்மா கூடவே போகும்.

குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரௌட் மீனுக்கு இது சரிவராது. அது தின்பதில் பெரும்பகுதி பூச்சிகள், அதுவும் மிகச் சிறியவை. அந்தப் பூச்சியைப் போல இறகும் நூலும் கொண்டு ஒன்றைச் செய்தால் அதன் எடை ஒரு கிராமில் சிறு பங்குதான் வரும். எவ்வளவு பலம் கொடுத்து வீசினாலும் காலடியிலேயே விழும். ஈயக்குண்டு சேர்த்தால் தூரம் போகும், சரி. ஆனால் மிதக்க வேண்டிய பூச்சி தொபுக்கென்று மூழ்கும், மீனும் மிரண்டு ஓடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஃபிளை ஃபிஷிங்: முனையில் இருந்த பாரத்தை எடுத்து, கயிற்றின் நீளம் முழுக்கப் பரப்பிவிடுவது. இங்கே வீசப்படுவது கயிறு. எடையில்லாத ஃபிளை அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது.

ஆக, சாதாரணத் தூண்டிலில் பாரம் நரம்பை இழுக்கிறது. ஃபிளை ஃபிஷிங்கில் கயிறே பாரம். கட்டுரையின் மிச்சமெல்லாம் இந்த ஒரு வரியின் விளைவுகள்தான்.

## சாட்டையும் லைனும்

இந்தப் பாரமான கயிற்றுக்கு லைன் என்று பெயர். உள்ளே பின்னிய நூல், மேலே பிளாஸ்டிக் பூச்சு. தொட்டால் நைலான் நரம்பைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும். பொதுவாக 90 அடி நீளம். முதல் 30 அடியின் எடையை வைத்து இதற்கு எண் கொடுப்பார்கள். பலரும் முதலில் வாங்கும் 5ஆம் எண் லைனில் அந்த 30 அடி சுமார் 9 கிராம். கம்பிலும் இதே எண் அச்சிட்டிருக்கும். 5ஆம் எண் கம்பு என்றால், 5ஆம் எண் லைனின் எடைக்குச் சரியாக வளையும் கம்பு என்று பொருள். கடையில் குழம்பி நிற்கும் புதியவருக்கு இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கம்புக்கும் லைனுக்கும் எண் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான ஓடைகளுக்கு 9 அடி நீள 5ஆம் எண் கம்பு போதும்.

வண்டிக்காரர் சாட்டை சொடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடிப் பக்கம் தடிமனாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, நுனியில் வெறும் நூலாக முடியும். கை கொஞ்சம்தான் அசைகிறது. அந்த அசைவின் சக்தி தடித்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதிக்கு ஓடுகிறது. எடை குறையக் குறைய வேகம் குறையாமல், நுனியில் இன்னும் கூடிவிடுகிறது. லைன் வீசுவதும் இதே வேலைதான். கம்பு முன்னே போய்ச் சட்டென்று நிற்கும். லைன் நிற்காது. அது ஒரு வளையமாக மடிந்து, மேல்பக்கம் முன்னே உருண்டு விரியும். உருளும் பகுதி குறைந்துகொண்டே வர, மிச்சச் சக்தி முனைக்குப் போய்ச் சேரும்.

சாட்டையிலிருந்து இது மாறுபடும் இடம் ஒன்று உண்டு. சாட்டைக்காரருக்குச் சத்தம் வேண்டும், நமக்குச் சத்தமே கூடாது. லைனைப் பின்னால் வீசியதும் அது முழுக்க நீண்டு விரியும் வரை காத்திருந்து, அப்புறம்தான் முன்னே வீச வேண்டும். அவசரப்பட்டால் நுனி நிஜமாகவே சாட்டைபோல் சொடுக்கும், ஃபிளை அறுந்து எங்கோ போய்விடும். 'பலம் போதவில்லை' என்று புதியவர்கள் கையை ஓங்குவார்கள். குறைவது அநேகமாகப் பலம் அல்ல, அந்த அரை நொடிப் பொறுமை. பத்து வயதுப் பெண் குழந்தை ஒழுங்காக வீசும் தூரத்துக்கு, உடற்பயிற்சிக் கூடத்தில் தோள் வளர்த்தவர் வீச முடியாமல் தடுமாறலாம்.

தடித்த லைனில் நேராக ஃபிளையைக் கட்ட முடியாது, மீன் பார்த்துவிடும். நடுவில் வருவது லீடர்: லைன் பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்துகொண்டே போகும் தெளிவான நைலான் நரம்பு, பொதுவாக 9 அடி. அதன் நுனியில் கட்டும் மிக மெல்லிய துண்டு டிப்பெட். ஒவ்வொரு முறை ஃபிளையை மாற்றும்போதும் நுனி கொஞ்சம் வெட்டுப்படும். லீடர் வீணாகாமல் இருக்கத்தான் இந்தத் துண்டு. சிறிய ஃபிளைகளுக்கு 0.15 மில்லிமீட்டர் தடிமன் வழக்கம்.

சுருக்கமாக: கம்பு வளைந்து சக்தியைக் கொடுக்கிறது, லைன் சுமக்கிறது, லீடர் மெதுவாக இறக்குகிறது.

## ஃபிளை என்பது என்ன?

ஃபிளை என்பது தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, உரோமம் முதலியவற்றைச் சுற்றிச் செய்த போலி இரை. நிஜப் பூச்சியையே கோக்கலாமே என்றால், மென்மையான பூச்சி முள்ளில் நிற்காது. இதை ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் சொல்லியிருக்கிறார். மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரை மக்கள், மீன் விரும்பித் தின்னும் பூச்சியைக் கையால் தொட்டால் அதன் நிறமும் இறக்கையும் கெட்டுவிடுகிறதே என்று, முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைக் கட்டி வீசினார்களாம். இன்றைக்கும் அடிப்படைப் பொருள்கள் அவைதாம்.

எந்தப் பூச்சியை நகலெடுப்பது? ட்ரௌட் ஓடைகளில் முக்கியமான ஒன்று மேஃபிளை. இதன் வாழ்க்கையில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில், கற்களுக்கிடையே கழிகிறது. இந்த இளம் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். பிறகு ஒரு நாள் கூட்டங்கூட்டமாக மேலே வந்து, தோலை உரித்து, இறக்கை விரித்துப் பறக்கும். அதற்கப்புறம் இன்னொரு முறையும் தோல் உரிக்கும். இறக்கை முளைத்த பின்னும் தோல் உரிக்கும் பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். முதிர்ந்த மேஃபிளைக்கு வேலை செய்யும் வாயே கிடையாது. இணைசேர்ந்து, முட்டையிட்டு, அநேகமாக ஓரிரு நாளில் நீரில் விழுந்து சாகும்.

மீனின் பார்வையில் இது அடியில் ஊரும் தீனி, மேலே எழும் தீனி, நீர்ப்பரப்பில் மிதக்கும் தீனி. ஃபிளைகளையும் அதேபோலப் பிரித்துக்கொள்கிறார்கள். மேலே மிதப்பது ட்ரை ஃபிளை. அடியில் போவது நிம்ஃப். சிறு மீன் அல்லது அட்டைபோல் நீரில் இழுத்து வருவது ஸ்ட்ரீமர். மீன் மேலே வந்து ட்ரை ஃபிளையைக் கவ்வுவதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல்தான் ஆசை. ஆனால் ட்ரௌட் தன் தீனியில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் தின்கிறது. முதல் மீன் சீக்கிரம் வேண்டும் என்றால் நிம்ஃபில் தொடங்குங்கள்.

ஃபிளை பூச்சியைப் போல இருந்தால் போதாது, பூச்சியைப் போல நகரவும் வேண்டும். ஓடைப் பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வரும். ஆனால் நம் லைன் வேகமான ஓட்டத்தின் குறுக்கே கிடந்தால் ஃபிளையை இழுத்துக்கொண்டு போகும். இப்படி இயற்கைக்கு மாறாக இழுபடுவது டிராக். கரையிலிருந்து நமக்குத் தெரியாத அளவு டிராக் இருந்தாலும் மீனுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் லைன் விழுந்ததும் கம்பை லேசாகத் தூக்கி லைனை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைப்பார்கள். என் மட்டில், ஃபிளையின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் அந்த நேரத்தை டிராக்கைக் குறைக்கப் பழகச் செலவிட்டால் கூடுதல் மீன் கிடைக்கும்.

## கட்டுவது அவ்வளவு கடினமா?

ஃபிளை கட்டுவதைப் பற்றிய பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் படங்கள். விக்டோரியா காலத்து சால்மன் ஃபிளைகளைப் பாருங்கள்: பத்துப் பதினைந்து பறவைகளின் இறகுகள், நகைப்பெட்டிபோல் வண்ணங்கள். அந்த இறகுகளின் மேல் உள்ள வெறி எவ்வளவு தூரம் போகும் என்றால், 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்களைத் திருடியவர் ஒரு ஃபிளை கட்டுபவர்தான். வேடிக்கை என்னவென்றால் அந்த ஃபிளைகள் எந்தப் பூச்சியையும் நகலெடுப்பவை அல்ல. முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் அநேகமாகத் தின்பதே இல்லை. அதைச் சீண்டிக் கவ்வவைக்க எந்த நிறமும் செய்யும்.

மறுகோடியில் இருப்பது ஃபிராங்க் சாயர் கட்டிய நிம்ஃப். அவர் இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் காவலராக இருந்தவர். அவருடைய ஃபெசன்ட் டெயில் நிம்ஃபுக்குப் பொருள்கள் இரண்டே: ஃபெசன்ட் பறவையின் வால் இறகிலிருந்து நாலைந்து இழைகள், மெல்லிய செம்புக் கம்பி. நூல்கூடக் கிடையாது. கம்பியே இழைகளைக் கட்டுகிறது, உடலுக்கு நிறம் தருகிறது, ஃபிளையை மூழ்கவும் வைக்கிறது. உலகம் முழுக்க இன்றும் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபிளை இது.

கட்டுவதன் சாரம் ஒன்றுதான்: நூலை இறுக்கமாக வைத்துக்கொண்டு, பொருளை முள்ளோடு சேர்த்துச் சுற்றுவது. முள்ளைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், நூற்கண்டைத் தாங்கும் பாபின், கூர்மையான சிறு கத்தரிக்கோல். இவை போதும். நூலின் இறுக்கம் தளராதவரை எதுவும் அவிழாது. கடைசியில் முள்ளின் கண் அருகே ஒரு முடிச்சு, அதன்மேல் ஒரு சொட்டு வார்னிஷ்.

தொடக்கத்தில் மூன்றே ஃபிளைகளைக் கட்டப் பழகினால் போதும் என்பேன். அடிக்கு ஃபெசன்ட் டெயில். மேற்பரப்புக்கு எல்க் ஹேர் கேடிஸ்: 1957இல் அமெரிக்காவில் ஆல் ட்ரோத் கட்டியது, எல்க் மானின் உரோமம் உள்ளே காற்றறைகள் கொண்டது என்பதால் நன்றாக மிதக்கும். இழுப்பதற்கு வூலி பக்கர்: 1967 வாக்கில் பென்சில்வேனியாவில் ரசல் பிளெசிங் உருவாக்கியது, வான்கோழியின் மென்தூவி வால், உடலைச் சுற்றிச் சேவல் இறகு. வூலி பக்கர் எதை நகலெடுக்கிறது என்று யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். அட்டை, சிறுமீன், பெரிய பூச்சி, மீனுக்கு எது தோன்றுகிறதோ அது. முரட்டு விரல்களும் கட்டலாம், கோணலாக வந்தாலும் மீன் பிடிக்கும்.

சொந்தமாகக் கட்டினால் பணம் மிச்சம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஒரு ஃபிளைக்கான பொருளின் விலை குறைவுதான். ஆனால் ஒரு இறகு வாங்கப் போனவர் ஒன்றோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. கட்டுவதற்கு நல்ல காரணம் வேறு: ஒரு பூச்சியைச் செய்து பார்க்கும்போது அது எப்படி மிதக்கும், எங்கே மூழ்கும் என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது.

## நேரம் இல்லாதவர் என்ன செய்வது?

இப்போது பாரம் லைனில் இருக்கிறது என்ற விஷயத்துக்குத் திரும்புவோம். இந்த முறையில் கற்க வேண்டியவை வீசுவது, கட்டுவது, ஆற்றைப் படிப்பது. முதல் இரண்டுக்கும் ஆறு தேவையில்லை.

வீச்சைப் பழகத் தண்ணீரே வேண்டாம், பாரம்தான் லைனிலேயே இருக்கிறதே. முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் புல்வெளிக்குப் போனால் போதும். மாதம் ஒரு முறை அரை நாள் போவதைவிட, வாரத்தில் சில நாள் பத்து நிமிடம் கையில் நன்றாகப் படியும். சிமெண்டுத் தரையைத் தவிருங்கள், லைனின் பூச்சு தேய்ந்துவிடும். மின்கம்பிகளின் அருகே கம்பையே எடுக்காதீர்கள். இன்றைய கம்புகள் பெரும்பாலும் கார்பனால் ஆனவை, மின்சாரம் அதில் பாயும்.

கட்டுவது துண்டு துண்டு நேரத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். புதியவருக்கு ஒரு நிம்ஃப் அரை மணி நேரம் எடுக்கலாம், கை பழகினால் சில நிமிடம். தடையாக இருப்பது எடுத்து வைத்துத் திரும்ப மூடி வைக்கும் வேலைதான். வைஸை ஒரு பலகையில் பொருத்தி, பொருள்களோடு அப்படியே அலமாரியில் நிற்க வையுங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு பலகையை இறக்கினால் உடனே வேலை தொடங்கலாம். முள்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாத மூடியுள்ள டப்பாவில் வைப்பது முக்கியம். ஒரு இரவில் ஒரே வகையை மட்டும் கட்டுங்கள். வகை மாற்றினால் ஒவ்வொரு முறையும் கை புதிதாகத் தொடங்கும்.

ஆற்றுக்கு நாள் முழுக்க வேண்டும் என்பதும் பழைய நினைப்பு. பூச்சிகள் நாள் முழுக்கச் சீராகப் பறப்பதில்லை. இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் கோடையில் முதிர்ந்த மேஃபிளைகள் பெரும்பாலும் அந்தி நேரத்தில்தான் நீரில் விழும். ஜூனில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அலுவலகம் முடிந்து போகிற ஒருவருக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரம், நண்பகலில் நிற்கும் நாலு மணி நேரத்துக்கு ஈடு. வெயில் அதிகமான நாளில் மட்டும் நீரின் வெப்பத்தைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸ் தாண்டினால் ட்ரௌட் மூச்சுக்குத் திணறும். பிடித்து விட்டாலும் பிழைப்பது கஷ்டம். அன்றைக்கு அந்தியை விட்டுவிட்டு விடியற்காலையில் போவது நல்லது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பவே அலுப்பாக இருந்தால் ஜப்பானியர்களின் தென்காரா முறை இருக்கிறது. மடித்து நீட்டும் கம்பு, அதன் நுனியில் நேரடியாகக் கட்டிய லைன், ஒரு ஃபிளை. ரீல் கிடையாது. மலை ஓடைகளுக்காக உருவானது என்பதால் தூரம் வீச முடியாது. ஆனால் ஓரிரு நிமிடத்தில் தயார்.

## நம் பக்கத்தில் எங்கே?

ட்ரௌட் நம் மண்ணின் மீன் அல்ல. நீலகிரிக்கு அதைக் கொண்டுவர 1860களில் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே முயன்றார், பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் ரெயின்போ ட்ரௌட்டைக் கொண்டுவந்து வெற்றி பெற்றார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் வந்தது. இலங்கையில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமும் ஆங்கிலேயர் இதே வேலையைச் செய்தார்கள். நீலகிரியின் ட்ரௌட் நீர்நிலைகளில் பல இன்று வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டுக்குள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் கம்போடு போய் நிற்க முடியாது.

அதற்காக ஏங்க வேண்டியதில்லை. ஏரிகளில் நிறைந்து கிடக்கும் திலாப்பியா, மெதுவாக இழுக்கும் சிறு நிம்ஃபைக் கவ்வும். தாமரை இலைகளின் ஓரம் பதுங்கும் விரால், வூலி பக்கர் மாதிரி அசையும் எதன்மேலும் பாயும். முள்ளின் எதிர்க்கூரை முன்கூட்டியே குறட்டால் நசுக்கி வைத்தால், விட நினைக்கும் மீனை அதிகக் காயமில்லாமல் கழற்றலாம், உங்கள் காதில் ஏறினாலும் சுலபமாக எடுக்கலாம். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். நம் ஏரி, குளங்கள் பலவற்றில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். முதல் வீச்சுக்கு முன் குத்தகைக்காரரைப் பார்த்து, பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவேன் என்று சொல்லி அனுமதி கேளுங்கள்.